ஏறி இறங்கும் தட்டணுக் கணக்கு

ஐப்பசி மழை விழுந்து பாளையங்கால்வாய் நிரம்பி ஓடும் நாள்களில் மேலப்பாளையத்து வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்பதல்ல அது. "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதே. காலையில் சோதனை நிலையத்திலிருந்து வந்த சீட்டில் 90,000 என்றிருக்கும். மாலைச் சீட்டில் 62,000 என்று வரும். அவ்வளவுதான். உம்மா கண்ணீரோடு யாசீன் ஓத உட்காருகிறார். வாப்பா இரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடுகிறார். அண்டை வீட்டார் பப்பாளி இலை பறித்து வருகிறார். மறுநாள் 70,000 என்று வந்தால் பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். இந்த அச்சமும் சரி, இந்த நிம்மதியும் சரி, பல வேளைகளில் தவறான இடத்தில் நிற்கின்றன. ஆகவே இம்மாதப் பாடத்தை இந்த எண்ணிக்கைக்கே ஒதுக்கியுள்ளோம்.

இப்பேச்சு நம் வட்டாரத்தில் பரவலாக வேரூன்றியது 2012-க்குப் பிறகு எனலாம். அவ்வாண்டு கோடையில், அன்று நெல்லை மாவட்டத்திலும் 2019 முதல் தென்காசி மாவட்டத்திலும் அடங்கிய கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் மூண்டு உயிர்களைக் கொண்டுபோனது. தமிழகம் முழுவதிலுமாக அவ்வாண்டில் 12,000-க்கும் அதிகமானோர் டெங்கு கண்டதாக அரசுக் கணக்கு கூறுகிறது. மாண்டவர்கள் 60 பேருக்கு மேல். அன்று தொட்டுத்தான் 'பிளேட்லெட்' என்ற சொல் படித்தவர், படியாதவர் எல்லோர் வாயிலும் புகுந்தது. சொல் புகுந்த அளவுக்கு அதன் விளக்கம் புகவில்லை.

தட்டணு என்பது என்ன? நம் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் மிகப் பெரிய அணுக்கள் சில உண்டு. அவற்றின் உடலிலிருந்து துண்டு துண்டாக உதிர்ந்து இரத்தத்தில் கலக்கும் நுண்ணிய தட்டுகளே தட்டணுக்கள். இத்தாலிய மருத்துவர் பிட்ஸோஸெரோ 1882 ஆம் ஆண்டில் இவற்றின் வேலையை விளக்கினார். இரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பவை இவைதான். ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழு முதல் பத்து நாள். ஆகவே நாள்தோறும் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி புதிதாகப் பிறந்தால்தான் கணக்கு சரியாக நிற்கும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவு துளியில், ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருப்பது இயல்பு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். மண்ணீரல் வீங்கினால் அது கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது சீட்டில் எண்ணிக்கை குறைந்து தெரியும்.

இதைக் கடை இருப்பு போல எண்ணிப் பார்க்கலாம். மாலையில் இருப்பு குறைந்திருந்தால், சரக்கு வரவில்லையா, விற்பனை கூடிவிட்டதா, அல்லது பின்கட்டில் கிடக்கிறதா என்று மூன்றையும் பார்த்த பிறகே கடைக்காரர் கவலைப்படுவார். தட்டணு குறைந்தாலும் டாக்டர் இம்மூன்றையே தேடுகிறார். பி12 சத்தும் ஃபோலிக் அமிலமும் போதாதவர்களிடமும், மஜ்ஜை நோயுற்றவர்களிடமும் உற்பத்தி குன்றும். ஈரல் கெட்டு மண்ணீரல் பெருத்தவர்களிடம் சரக்கு பின்கட்டில் முடங்கும். வேறு சிலரிடம் பிறந்த தட்டணு பத்து நாள் வாழாமல் சில மணி நேரத்தில் அழிக்கப்படுகிறது. மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் முதலிய காய்ச்சல்களிலும் குறைவு ஏற்படுவதுண்டு. எனவே காய்ச்சலில் தட்டணு குறைந்தவரெல்லாம் டெங்குக்காரர் அல்லர்.

நான்காவதாகவும் ஒன்றுண்டு: கணக்கெடுப்பில் வரும் பிசகு. இதைப் பலர் அறியார். இயந்திரம் தட்டணுக்களை அளவை வைத்தே இனம் காண்கிறது. சிலருடைய இரத்தம் சோதனைக் குழாயிலுள்ள உறையாமருந்து பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இயந்திரம் அந்தத் திரளைத் தட்டணு என்று எண்ணாது. உடலில் இரண்டு இலட்சம் இருக்க, சீட்டில் 40,000 என்று வரும். ஊசி குத்திய இடத்தில் தடுமாறி மெதுவாக எடுத்த இரத்தம் குழாயிலேயே சற்று உறைந்துவிட்டாலும் இவ்வாறே. வேறு வகை உறையாமருந்துள்ள குழாயில் மறுபடி எடுத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்நோக்கியில் கண்ணால் பார்த்தால் உண்மை வெளிப்படும். எவ்வித இரத்தக்கசிவும் இல்லாத ஒருவருக்குத் திடீரென்று மிகத் தாழ்ந்த எண் வந்தால், "ஸ்மியர் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் பணிவோடு கேட்பதில் தவறொன்றுமில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத் தக்கது. அங்கு இரத்தம் கொடுக்க வந்த வங்காளத்து மக்களில் கணிசமானவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை இயல்பைவிடக் குறைவாகவும், ஒவ்வொரு தட்டணுவும் அளவில் பெரியதாகவும் இருக்கக் கண்டார்கள். அவர்களுக்கு நோயில்லை, இரத்தக்கசிவும் இல்லை. பிறவியிலேயே அமைந்த தன்மை அது. இப்படிப்பட்டவரை நோயாளி என்று தவறாக முடிவு கட்டி மருந்து கொடுத்தால் என்னவாகும் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

கணக்கு சரியாகவே எடுக்கப்பட்டிருந்தாலும் ஒரே மனிதரின் இரத்தத்தை ஒரே நாளில் இரண்டு நிலையங்களில் கொடுத்தால் இரண்டு எண்கள் வரும். எண்ணிக்கை மிகத் தாழும்போது இயந்திரத்தின் தடுமாற்றமும் கூடும். 18,000-க்கும் 22,000-க்கும் இடையே உண்மையில் வேறுபாடில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே தொடர்ந்து பார்க்க வேண்டியவர்கள் இயன்றவரை ஒரே நிலையத்தில் பார்ப்பது நல்லது. ஒரு சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வரிசையாக நாலைந்து சீட்டுகளை வைத்துக்கொண்டு போக்கு எத்திசை என்று காண வேண்டும்.

இனி டெங்கு. இக்காய்ச்சலில் தட்டணுவின் இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூன்றாம் நான்காம் நாளில் இறங்கத் தொடங்கி, காய்ச்சல் விடுகிற சமயத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு தானாகவே விரைந்து ஏறும். தினமும் குறைகிறதே என்று கலங்குகிறோம். குறைவது இந்நோயின் நடையே. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. காய்ச்சல் தணிந்து "பிள்ளைக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, அல்ஹம்து லில்லாஹ்" என்று வீட்டார் மகிழும் அந்த ஒன்றிரண்டு நாள்களில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறி இரத்தம் கெட்டியாகிறது. இதைக் காட்டுவது தட்டணு எண்ணிக்கையன்று. அதே சீட்டில் பி.சி.வி. அல்லது ஹெமடோக்ரிட் என்று இருக்கும் மற்றோர் எண். அது நாளுக்கு நாள் ஏறினால் எச்சரிக்கை. கடுமையான வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல், பிள்ளை அமைதியின்றிப் புரளுதல் அல்லது சோர்ந்து விழுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும். தட்டணு ஒரு இலட்சம் இருக்கிறதே என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. 30,000 உள்ள பிள்ளை பிழைத்தெழுவதும், 80,000 உள்ள பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போவதும் இக்காரணத்தால்தான்.

இரத்தம் கொடுக்க நம் வாலிபர்கள் முந்திக்கொண்டு வருவது பாராட்டத் தக்கது. ஆயினும் எண்ணிக்கை குறைந்த ஒன்றுக்காகவே "தட்டணு ஏற்றுங்கள்" என்று டாக்டரை நெருக்குவது சரியன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்கும் கீழிறங்கிய, ஆனால் இரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களிடம் இதைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டணு ஏற்றப்பட்டவர்களுக்கு இரத்தக்கசிவு குறையவில்லை. மாறாக, ஏற்றியதால் வரும் தொல்லைகள் சிலருக்கு வந்தன. கசிவு கண்டவருக்கும், மிக மிகத் தாழ்ந்தவருக்கும் டாக்டர் ஏற்றச் சொன்னால் அது வேறு. பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று முந்தி ஏற்றுவதாகச் சில சோதனைகள் சொல்கின்றன. உயிரைக் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. வாந்தி எடுத்துக் கிடக்கும் குழந்தையின் வாயில் கசப்புச் சாற்றை ஊற்றி மேலும் வாந்தியை வரவழைப்பதைவிட, ஓ.ஆர்.எஸ். நீரும் கஞ்சித் தண்ணீரும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுப்பது மேல்.

இங்கே ஒரு வார்த்தை. டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில், டிரம்மில், சிமெண்டுத் தொட்டியில், மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையில் பிறக்கிறது. கடிப்பதும் பகலில். பகல் முழுதும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் பெண்களே அதற்கு எளிதில் அகப்படுகிறார்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருக்கும் முட்டைகளும் போகும்.

காய்ச்சல் போய்ப் பல வாரம் ஆகியும், அல்லது காய்ச்சலே இல்லாமலும், தட்டணு தாழ்ந்தே நிற்கும் மக்கள் சிலர் உண்டு. காலில் கடுகு சிதறியதுபோல் சிவந்த புள்ளிகள். விரலால் அழுத்தினாலும் மறைவதில்லை. இடித்துக்கொண்ட நினைவில்லாத நீலத் தழும்புகள். பெண்களுக்கு மாதப்போக்கு மட்டின்றிப் பெருகுதல். இவர்களிற் பலருக்கு இருப்பது ஐ.டி.பி. எனப்படும் நோய். உடலின் காவற்படையே தன் தட்டணுக்களை அந்நியரென்று எண்ணி அழிப்பது இதன் தன்மை.

இது எவ்வாறு தெரிய வந்தது என்பது வியப்பான வரலாறு. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர் இருந்தார். இந்நோயுள்ள ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஏறத்தாழ அரை லிட்டரை 1950-இல் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போயின. வலிப்பு வந்தது, தோலில் புள்ளிகள் தோன்றின. பிறகு சில நாள்களில் எண்ணிக்கை தானே மீண்டது. நோயாளியின் இரத்தத்தில் தட்டணுவை அழிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. அவ்வகைத் துணிச்சலை இன்று எந்த ஆஸ்பத்திரியும் அனுமதிக்காது. நாமும் மெச்சிப் பின்பற்றச் சொல்லவில்லை. ஆனால் அழிக்கும் பொருள் வந்ததும் இறங்கி, அது தீர்ந்ததும் ஏறிய அந்த ஒருவார நிகழ்ச்சியில் ஐ.டி.பி.யின் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

ஏனெனில் இந்நோயாளியின் உடலில் நாள்தோறும் ஒரு இழுபறி நடக்கிறது. மஜ்ஜை ஆக்குகிறது, காவற்படை அழிக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு சகோதரிக்கு மாதந்தோறும் 41,000, 28,000, 35,000, 19,000, 37,000 என்று வருவதாகக் கொள்வோம். 19,000 வந்த வாரத்தில் அவருக்குச் சளிக்காய்ச்சல் இருந்திருக்கலாம். தொற்று வந்தால் காவற்படை கிளர்ந்தெழும், தட்டணு விழும், தொற்று போனதும் மீளும். சில மருந்துகளும் இறக்கும். அவர் எதைத் தின்றார், எதைத் தின்னவில்லை என்று வீட்டார் விசாரணை நடத்துவதில் பயனில்லை. கண்ணூறு பட்டது என்று தாயத்துத் தேடி அலைவதும், மருமகள் நோயை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று சம்பந்தி வீட்டில் சண்டைக்கு நிற்பதும் அதைவிடக் கொடுமை. இது ஒட்டுவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

பெரியவர்களுக்கு 30,000-க்கு மேல் இருந்து, கசிவும் இல்லையென்றால் மருந்தின்றிக் கவனித்து வருவதே இப்போதைய வழக்கம். அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதையே பரிந்துரைக்கிறது. பிள்ளைகளிடம் எண்ணிக்கை அதனினும் தாழ்ந்திருந்தாலும், தோலில் புள்ளிகளுக்கு மேல் ஒன்றுமில்லையேல் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. "டாக்டர் மருந்தே எழுதவில்லை, கவனிக்கவில்லை" என்று குறைப்படுவோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மருந்து எடுப்பவர்களுக்கோ ஏற்ற இறக்கம் இன்னும் மிகுதி. ஸ்டீராய்டு மாத்திரையால் பலருக்கு ஓரிரு வாரத்தில் எண் உயரும். அளவைக் குறைக்கும்போது மறுபடி இறங்குவதுண்டு. இரத்த நாளத்தில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் சில நாளில் தூக்கி நிறுத்தும். சில வாரத்தில் அதன் வேகம் அடங்கும். இலட்சக்கணக்கில் செலவழித்தும் மறுபடி இறங்கிவிட்டதே என்று புலம்புகிறவர்களுக்கு, அம்மருந்தின் பணி அவ்வளவே, ஆபத்தான நாள்களைக் கடத்திவிடுவதே என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எண் ஏறிவிட்டது என்று ஸ்டீராய்டைத் தாமாகவே சட்டென நிறுத்துவது மிகப் பெரிய தீங்கு. உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். மயக்கமும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தட்டணு தாழ்ந்தவர்கள் உடல்வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைத் தொடலாகாது. இவை மிஞ்சியிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் முடக்கும். பாரசிட்டமால் போதும். இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். பல் பிடுங்குமுன் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எண் எதுவாயினும் கடுந்தலைவலி, பார்வை மங்கல், கறுத்த மலம், வாய்க்குள் இரத்தக் கொப்புளம் கண்டால் அது தாமதிக்கும் நேரமன்று.

நம் மார்க்க நடைமுறைகளோடு இது தொடும் இடங்களும் சில உண்டு. ஹிஜாமா செய்துகொள்வது ஸுன்னத்தான வைத்தியம் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் கீறிய இடத்தில் இரத்தம் நிற்காதவருக்கு அதைச் செய்வது அவரை ஆபத்தில் தள்ளுவதாகும். தட்டணு குறைவென்று சொன்ன பிறகும் செய்ய முன்வருபவர் வைத்தியர் அல்லர். பிள்ளைக்குச் சுன்னத் செய்ய நாள் குறிக்குமுன், அவனுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருகிறதா, எளிதில் தழும்பு விழுகிறதா என்று எண்ணிப் பார்த்து, இருந்தால் இரத்தம் சோதித்த பிறகே செய்ய வேண்டும். தள்ளிப்போடுவதில் குற்றமில்லை.

மூக்கிலும் ஈறிலும் வரும் இரத்தத்தால் ஒளு முறியுமா என்று கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. இரத்தம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். ஹனஃபீ மத்ஹபில் வழிந்தோடினால் முறியும். ஒரு தொழுகை நேரம் முழுதும் நில்லாமல் வருபவருக்கு அங்கே சலுகை உண்டு. அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒருமுறை ஒளு செய்துகொள்வார். பெண்களின் நிலை இதைவிட முக்கியமானது. தட்டணு குறைந்த சகோதரிகளில் சிலர் பதினைந்து இருபது நாள் தொடர்ந்து போக்குக் கண்டு, அத்தனை நாளும் ஹைளு என்றெண்ணித் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். ஹைளின் மிகக் கூடிய கால அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாள், ஹனஃபீ மத்ஹபில் 10 நாள். அதற்கு மேற்பட்டது இஸ்திஹாளா என்னும் நோய் இரத்தம். அந்நாள்களில் தொழுகை கடமை. சுத்தம் செய்து, துணி வைத்து, நேரம் வந்தபின் ஒளு செய்து தொழ வேண்டும். எல்லையைத் தாண்டியவர் எத்தனை நாளை ஹைளாகக் கணக்கிடுவது என்பது அவரவர் வழக்கத்தைப் பொறுத்தது. தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. அதே வேளையில், இவ்வளவு நாள் போவது மார்க்கக் கேள்வி மட்டுமன்று என்பதையும் வீட்டு ஆண்கள் அறிய வேண்டும். மனைவியோ மகளோ வெட்கத்தால் சொல்லாமல் இருப்பாள். வெளுத்த முகமும் மூச்சிரைப்பும் கண்டால் ஆலிமிடம் கேட்பதோடு டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

ரமளான் நோன்பில், சோதனைக்காக இரத்தம் எடுப்பதால் இவ்விரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. ஆகவே நோன்பைச் சாக்கிட்டுச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. டெங்குக் காய்ச்சலில் கிடப்பவர் நோன்பு நோற்கக் கூடாது. தண்ணீரே அவருக்கு மருந்து. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்று, பிறகு களாச் செய்யலாம். ஐ.டி.பி. உள்ளவருக்குத் தட்டணுக் குறைவு ஒன்றாலேயே நோன்பு நீங்கிவிடாது. கசிவில்லாமல், திடமாக நடமாடுபவர் டாக்டரின் அனுமதியோடு நோற்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர், அதிலும் சர்க்கரை நோயும் உள்ளவர், மாத்திரை நேரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளலாகாது.

எல்ட்ராம்போபேக் என்ற மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பால், தயிர், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் அது உடலில் ஏறாது. அவற்றை உண்டு 4 மணி நேரம் கழித்தோ, உண்பதற்கு 2 மணி நேரம் முந்தியோதான் எடுக்க வேண்டும். இஃப்தாரில் ரோஸ்மில்க்கும் பால் ஊற்றிய கடற்பாசியும் சாப்பிட்டுவிட்டு உடனே மாத்திரையை விழுங்கினால், ஈதுக்குள் எண் விழுந்து, மருந்து பலிக்கவில்லை என்று தோன்றும். தராவீஹ் முடிந்து, இரவு பத்தரை, பதினொரு மணிக்குப் படுக்கப்போகும் முன் எடுத்தால் ஸஹர் தயிர்ச்சோற்றுக்கும் இடைவெளி கிடைக்கும். ஷஃபான் மாதத்திலேயே பழைய சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் சென்று, இந்நேரங்களை டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள்க.